கதவு மட்டும் பாக்கி

வடக்குக் காற்று அடித்தால் கதவு மூடும். தெற்குக் காற்று அடித்தால் மூடாது. மெல்போர்னில் ஒரே நாளில் இரண்டும் அடிக்கும் என்பதால், நெவில் அந்தக் கதவைக் காலையில் தட்டிக்கொடுப்பான், சாயங்காலம் வைவான்.

கதவு ஒன்றும் கோட்டைக் கதவல்ல. ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம். அதற்குப் பின்னால் ஒரு சின்ன நகை அலமாரி. மேல்பாதியில் வரிசையாகக் குட்டிக் கொக்கிகள், கீழ்ப்பாதியில் மூன்று இழுப்பறைகள். எல்லாம் முடிந்துவிட்டது, கதவு மட்டும் பாக்கி. இந்த வாக்கியத்தை நெவில் ஐந்து வாரமாகச் சொல்லிவருகிறான். அவன் மனைவி லொரேன் ஐந்து வாரமாகத் தலையாட்டிவருகிறாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை என்று எதுவும் கிடையாது. டாக்டர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தலையாட்டுவார்களே, அந்த வகை.

விஷயம் இதுதான். பின்கட்டில் இருக்கும் ஷெட்டில் நெவில் இருபத்தாறு வருஷமாகத் தச்சுவேலை செய்கிறான். முடித்தது என்று ஒன்று இல்லை. மூன்று கால் நாற்காலி உண்டு. முள் இருந்து முகம் இல்லாத கடிகாரம் உண்டு. ஒரு படகின் முன்பாதி உண்டு, தண்ணீரில் விட்டால் பாதி மிதக்கும். ஓர் ஆடுகுதிரை உண்டு. அது யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அந்த மகள் இப்போது பெர்த்தில் வரி வழக்கறிஞர். மொத்தம் பதினோரு உருப்படிகள், எல்லாமே "கிட்டத்தட்ட" என்ற நிலையில்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லொரேன் ஒரு ஒப்பந்தம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, காந்தம் வைத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். பிப்ரவரி கடைசி ஞாயிறு, அவளுடைய பிறந்தநாள், பகல் பன்னிரண்டு மணிக்குள் நகை அலமாரி முடிந்திருக்க வேண்டும். முடிந்தால் ஷெட் ஆயுளுக்கும் நெவிலுக்கு, அவள் வாய் திறக்க மாட்டாள். முடியாவிட்டால் ஷெட்டுக்குள் இருப்பதெல்லாம் மறுநாள் காலை முனிசிபாலிட்டி லாரிக்கு. ஷெட், குட்டிக் கிட்டார் மாதிரி இருக்கும் யுகுலேலே வாசிக்கும் லொரேனின் குழுவுக்கு. குழுவில் பத்துப் பெண்கள். அவர்களுக்கு நான்கு பாட்டு தெரியும், நான்கும் ஒரே மெட்டு என்பது நெவிலின் துணிபு.

அலமாரி ஏன் வேண்டும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. லொரேன் ஆரம்பப் பள்ளி ஆபீஸில் முன்மேஜை பார்ப்பவள். தினமும் ஒரு புதுத் தோடு போடுவாள். இறால் தோடு, கலா என்ற இளஞ்சிவப்புக் கிளித் தோடு, ரொட்டித்துண்டில் படுத்த சாசேஜ் தோடு, டிராம் தோடு என்று நூற்று நாற்பத்துமூன்று ஜோடி. ஒவ்வொன்றும் ஒரு நெல்லிக்காய் பருமன். லேட்டாக வரும் பிள்ளைகள் காரணம் சொல்வதற்கு முன் அவள் காதைப் பார்ப்பார்கள். இந்த நூற்று நாற்பத்துமூன்று ஜோடியையும் அவள் பழைய ஐஸ் தட்டுகளில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் அன்று, மூக்குக்கண்ணாடி போடாத நெவில், ஒரு தட்டில் தண்ணீர் பிடித்து உறையவைத்துவிட்டான். லொரேனின் அண்ணன் தன் ஜின் கிளாஸில் மிதந்த இறாலை, பண்டிகை அலங்காரம் என்று நினைத்து மெச்சி, பிறகு கடித்தார். அவருக்கு மாற்றுப் பல்லைச் செய்து கொடுத்தவன் எதிர்வீட்டு பிரென்டன். பல்செட் செய்வதுதான் அவன் தொழில்.

சரி, ஒரு அலமாரிதானே, பலகை வாங்கினால் ஒரு வாரத்தில் முடியாதா என்று கேட்கலாம். நெவிலிடம் கேட்கக் கூடாது. கடையில் பலகை வாங்குவது, அவன் கணக்கில், கல்யாண வீட்டுச் சமையல்காரன் ஓட்டலில் பார்சல் வாங்குவதற்குச் சமம். அவனுக்கு வேண்டியது இடித்த வீட்டு மரம், பழைய வேலி மரம், யாரோ கழித்துப்போட்ட கட்டிலின் தலைமாடு. வருஷத்துக்கு ஒருமுறை பெருங்குப்பை வாரம் வரும். ஊரே தன் வேண்டாத சாமானைத் தூக்கி, வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கும் புல்பட்டையில் வைக்கும். மறு திங்கள் லாரி வந்து அள்ளும்வரை அதை யாரும் எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க வேண்டியதில்லை. நெவில் டிராம் ஓட்டுநர். அந்த ஒரு வாரம் மட்டும் அவன் டிராம் கொஞ்சம் மெதுவாகப் போகும்; இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்.

அலமாரிக்கு வந்த மரம் முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டுத் தரைப் பலகை. வீட்டை இடிக்கும்போது வாங்கிவந்தது. எண்பது வருஷம் ஒரு குடும்பத்தையும் ஒரு பியானோவையும் தாங்கிய மரம், ஒரு ஜோடி இறால் தோட்டைத் தாங்க மாட்டேன் என்று நின்றது. ரம்பம் வைத்தால் மரம் அறுபடாமல் ரம்பம் புகைந்தது. ஆணிகளை நெவில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். நாற்பது ஆணி. இனி இல்லை என்று இழைப்புளியை வைத்தான். நாற்பத்தொன்றாவது ஆணியை அலகு கண்டுபிடித்தது. புது அலகு போட்டான். நாற்பத்திரண்டாவது.

காந்தம் வைத்துத் தேடினால் என்ன என்று தோன்றியது. வீட்டில் இருந்த ஒரே நல்ல காந்தம் குளிர்பெட்டிக் கதவில் இருந்தது. எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது லொரேன் தரையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நின்றுகொண்டிருந்தாள்.

"அக்ரிமென்ட்ட கிழிச்சுப் போடலாம்னு பாத்தியா நெவ்?"

"ஆணி தேடுனேன் லொர்."

"குளிர்பெட்டியிலயா?"

இப்படியாக ஒன்பது வாரம் போனது. முதல் நான்கு வாரம் ஆணி. மீதி ஐந்து வாரம் கதவு.

மரத்துக்கு ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பது நெவிலுக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. பாலைவனத்திலிருந்து வடக்குக் காற்று வந்து ஊரை வறுக்கும் நாளில் கதவு பூ மாதிரி மூடியது. சாயங்காலம் தெற்கே கடலிலிருந்து குளிர்காற்று திரும்பியதும் கதவு சட்டத்தில் முட்டி, இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. அமுக்கினால் மூடுவது போல் போய், கையை எடுத்ததும் மெதுவாகத் திறந்துகொண்டது. சினிமாப் பேய் வீட்டுக் கதவு கூட அவ்வளவு நிதானமாகத் திறக்காது. நெவில் ஓரத்தை இழைப்பான். மறுநாள் வடக்குக் காற்றில் அந்த ஓரத்தில் ஒரு கோடு இடைவெளி தெரியும். வலது பக்கம் இழைத்தான், மேலே இழைத்தான், கீழே இழைத்தான். ரேடியோவில் வானிலை அறிக்கை வந்தால் எழுந்து நின்று கேட்டான்.

பிரென்டன் ஒருநாள் தெருவைக் கடந்து வந்து, வேலி மேல் முழங்கையை ஊன்றி விசாரித்தான்.

"என்ன மேட், கதவு எப்படி?"

"காத்து மாறிருச்சு."

"போன வாரமும் காத்துதான் மாறிச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"காத்துக்கிட்ட பேசிப் பாரேன். உனக்கு அதுங்கூடத்தான் பழக்கம் ஜாஸ்தி."

பிரென்டன் இப்படித்தான் பேசுவான். அதற்கும் காரணம் உண்டு. நான்கு வருஷம் முன், ஒரு பெருங்குப்பை வாரத்தில், பிரென்டன் தன் பார்பிக்யூ அடுப்பைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயட்டும் என்று புல்பட்டையில் வைத்துவிட்டுத் துண்டு எடுக்க உள்ளே போனான். துண்டோடு வெளியே வந்தபோது நெவில் அடுப்பை உருட்டிக்கொண்டு பாதித் தெரு தாண்டியிருந்தான். பிரென்டன் கத்தினான். நெவில் நின்று, திரும்பி, இனிமேல் தெருவே மனப்பாடமாகச் சொல்லப்போகும் அந்தச் சட்டத்தை எடுத்துரைத்தான்: "புல்பட்டையில இருந்தா பொது, மேட்." அன்றிலிருந்து அந்த அடுப்பில்தான் நெவில் வீட்டில் சாசேஜ் சுடுகிறார்கள். நெருப்பு மூட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புகை நேராக எதிர்வீட்டுக்குத்தான் போகும்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வடக்குக் காற்று. கதவு மூடியது. நெவில் இதுதான் தருணம் என்று முடிவு செய்தான். ஒரு நல்ல எண்ணெய்ப் பூச்சு கொடுத்துவிட்டால் மரம் ஈரத்தை இழுக்காது, கதவு இந்த நிலையிலேயே நின்றுவிடும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கவலையில்லை. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தோய்த்து மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தான். மரம் தேன் நிறத்துக்கு வந்தது. நாற்பத்திரண்டு ஆணித் துளையும் கறுப்பு மச்சம் மாதிரி அழகாக எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் நெவிலுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

காய வைக்க வேண்டும். ஷெட்டில் வைத்தால் ஒன்பது வாரத் தூசியும் ஒட்டும். வீட்டுக்குள் வைக்க லொரேன் விடவில்லை.

"நாளைக்கு இருபது பேர் சாப்பிட வராங்க. வீடு எண்ணெய் போட்ட கிரிக்கெட் மட்டை மாதிரி நாறணுமா?"

பின்பக்கம் அத்திமரத்து நிழல், மேலே வௌவால். வீட்டின் முன்வாசல் தெற்குப் பார்த்தது; அந்த ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும், அதனால் சுவரோரம் வெயிலே விழாது. நல்ல வெயில் விழும் இடம் வீட்டு எல்லையில் ஒன்றே ஒன்றுதான். நெவில் இரண்டு செங்கல் வைத்து, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, அலமாரியைக் கதவு மூடியபடி நிறுத்தினான். அதன் இடது பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் கழித்துப்போட்ட மெத்தை. வலது பக்கம் ஒரு செத்த டிவி.

ஆம். புல்பட்டையில்தான் வைத்தான். பெருங்குப்பை வாரத்தில். இருபத்தாறு வருஷமாக ஊரான் புல்பட்டையெல்லாம் பொறுக்கியவன், அடுத்தவன் அடுப்பைச் சட்டம் பேசி உருட்டியவன், தன் ஒன்பது வார உழைப்பைத் துடைத்துப் பளபளப்பாக்கி, பார்ப்பவருக்கு வசதியாகச் செங்கல்மேல் வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனான்.

தண்ணீர் கொதிக்கும்போது ரேடியோவில் விக்கெட் விழுந்தது. ஒரு விக்கெட்டோடு எழுந்து வர அவனால் முடியாது. அடுத்தது விழுமா என்று நின்றான். விழவில்லை. இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் கோப்பையோடு வெளியே வந்தபோது மெத்தை இருந்தது, டிவி இருந்தது, நடுவில் இரண்டு செங்கலும் செய்தித்தாளும் இருந்தன. செய்தித்தாளில் நான்கு எண்ணெய் வட்டம்.

நெவில் முதலில் டிவிக்குப் பின்னால் பார்த்தான். அலமாரி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை என்று தெரிந்தும் பார்த்தான். மெத்தையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டுத் தெருமுனைவரை ஓடினான். முனையில் பழைய இரும்பு பொறுக்கும் வண்டிக்காரர் ஒரு சலவை மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்ன அலமாரி பாத்தீங்களா? இவ்வளவு உயரம். எண்ணெய் காயல."

"எங்க வெச்ச?"

நெவில் கையைப் புல்பட்டைப் பக்கம் லேசாக ஆட்டினான்.

"அப்ப போச்சு," என்றார் வண்டிக்காரர், சலவை மெஷினிடமிருந்து கண்ணை எடுக்காமலே.

மூன்று தெரு சுற்றினான். சட்டை நனைந்தது. வானம் தெற்கே கறுத்தது. முதுகில் குளிர்காற்று ஒரு அறை விட்டது. திரும்பித் தன் தெருவுக்குள் நுழைந்தபோது பிரென்டனின் கராஜ் திறந்திருந்தது. உள்ளே வேலைமேஜை மேல் தேன் நிறத்தில் ஒன்று நின்றது. பிரென்டன் ஸ்டூலில் உட்கார்ந்து, மீன்தூண்டிலில் கட்டும் போலிப்பூச்சிகளை ஒவ்வொன்றாக அதன் கொக்கிகளில் மாட்டிக்கொண்டிருந்தான். பச்சை, வெள்ளி, ஆரஞ்சு. தூரத்திலிருந்து பார்த்தால் லொரேனின் தோடுகள் மாதிரியே இருந்தன.

"பிரென்டன், அது என்னுது."

"எது?"

"அதுதான்."

"இதா? புல்பட்டையில இருந்துச்சு."

"காய வெச்சிருந்தேன்யா!"

"நானும் காயத்தான் வெச்சிருந்தேன்."

"நாலு வருஷம் ஆச்சே, மேட்."

"தெரியும். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வாசனை வருதுல்ல, எண்ணிட்டேதான் இருந்தேன்."

"நாளைக்கு லொரேனோட பொறந்தநாள். பன்னண்டு மணிக்குள்ள குடுக்கலன்னா ஷெட்டு போயிரும்."

"தெரியும். நானும் சாப்பிட வரேன்ல? சாலட் என்னுது." பிரென்டன் ஒரு வெள்ளிப் பூச்சியை மாட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தான். "சொல்லு மேட். சட்டம் என்ன? உன் வாயால ஒரு தடவ கேக்கணும்."

நெவில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் செய்தான். பத்து நிமிஷத்தில் பார்பிக்யூ அடுப்பு தெருவைக் கடந்து, நான்கு வருஷத்துக்குப் பிறகு, கீச் கீச்சென்று தன் பழைய வீட்டுக்குப் போனது. லொரேன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். நாளை இருபது பேருக்கு எதில் சுடப்போகிறாள் என்ற கேள்வி அவள் முகத்தில் வந்து நின்றது. நெவில் அந்த ஜன்னல் பக்கம் பார்க்காமல் தள்ளினான்.

பிரென்டன் தன் பூச்சிகளைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, அலமாரிக் கதவை ஒரு விரலால் தள்ளினான். கதவு போய் "டிக்" என்று மூடியது.

நெவில் வெளியே பார்த்தான். மரங்கள் வடக்கு நோக்கி வளைந்து ஆடிக்கொண்டிருந்தன. தெற்குக் காற்று.

"எப்படி மூடுது?"

"அதுவா? கீல்ல ஒரு திருகாணித் தலை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. மரம் கொஞ்சம் உப்புனாலும் கதவு போய் அதுல முட்டித் திரும்பிட்டிருந்துது. குழிய கொஞ்சம் ஆழமா செதுக்கி உள்ள எறக்குனேன். ஓரத்துல ரெண்டு இழை. அவ்வளவுதான்."

"திருகாணியா?"

"ஆமா. பல்செட்டுலயும் இதேதான். மேல்பல்லு கீழ்ப்பல்லு இடிச்சா நாங்க வானிலை கேக்க மாட்டோம்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

பிரென்டன் மேஜை மேலிருந்த தன் கோப்பையைத் தொட்டுப் பார்த்தான். "டீ இன்னும் சூடாத்தான் இருக்கு."

நெவில் அலமாரியை மார்போடு அணைத்துக்கொண்டு, நன்றி என்ற சொல்லைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஷெட்டில் உட்கார்ந்து கதவைத் திறந்தான். மூடினான். டிக். திறந்தான். மூடினான். டிக். நல்ல சத்தம். வெற்றிலைச் செல்லத்தின் மூடி பொருந்துவது மாதிரி, உரசல் இல்லாத, சுத்தமான சத்தம். ஒவ்வொரு டிக்கும் அவன் காதில் பிரென்டன் என்று விழுந்தது. நாற்பது முறை கேட்டான். ஐந்து வாரம் வானத்தைப் பார்த்திருக்கிறான். ரேடியோ முன் எழுந்து நின்றிருக்கிறான். ஒரு திருகாணி!

அலமாரி முடிந்துவிட்டது, ஷெட் அவனுடையது, பேசாமல் பன்னிரண்டு மணிவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இதெல்லாம் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் இருபத்தாறு வருஷத்தில் முடித்த ஒரே சாமானை முடித்தது ஒரு பல்செட்காரன் என்றால், பிறகு அந்த ஷெட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது? ஒன்பது மணிக்கு அவன் கை தானாகத் திருப்புளியை எடுத்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பிரென்டன் செதுக்கிய குழியில் ஒரு மரத் துண்டு ஒட்டி, அதைத் தன் கையால் செதுக்கி, அதே கீலைத் தன் கையால் மறுபடி பூட்டுவது. ஒரு மணி நேர வேலை. கதவு அதே கதவாக, ஆனால் தன் கதவாக இருக்கும்.

கீலைக் கழற்றினான். துண்டு ஒட்டினான். செதுக்கினான். பத்தரைக்குக் கீலை வைத்து முதல் திருகாணியை முடுக்கினான். போனது. இரண்டாவது போனது. மூன்றாவதைக் கடைசிச் சுற்று முடுக்கும்போது, எண்பது வருஷ மரம் அதற்குமேல் இடம் கொடுக்க விரும்பவில்லை. பித்தளைத் திருகாணி கழுத்தில் முறிந்தது. தலை உருண்டு மரத்தூளில் விழுந்தது, உடம்பு மரத்துக்குள் நின்றுவிட்டது. தோண்டினான். தோண்டத் தோண்டக் குழி பெரிதானது. இடுக்கி வைத்தான், நழுவியது. துளைகருவி வைத்தான், அலகு முறிந்தது. பதினொன்றரைக்கு அலமாரிச் சட்டத்தில் கீல் இருந்த இடத்தில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அதில் எந்தக் கீலும் நிற்காது.

முன்வாசலில் கார்கள் வரும் சத்தம். யுகுலேலே ஒன்று உறையிலிருந்து வெளிவந்து சுருதி சேர்க்கும் சத்தம்.

பன்னிரண்டு மணிக்கு லொரேன் ஷெட் வாசலில் நின்றாள். காதில் பாவ்லோவா கேக் தோடு: வெள்ளை முட்டைநுரை, மேலே ஸ்ட்ராபெரி. ஒரு கையில் ஒப்பந்தம், இன்னொரு கையில் ஐஸ் தட்டு. நெவில் ஒரு கையில் அலமாரியும் ஒரு கையில் கதவுமாக நின்றான்.

"முடிஞ்சுதா நெவ்?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. கதவைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"கதவு மட்டும் பாக்கி."

"நேத்து சாயங்காலம் இருந்துச்சே. எதிர்வீட்டுலேருந்து தூக்கிட்டு வந்தப்ப பாத்தேன்."

"அது பிரென்டன் பூட்டுனது. நான் கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

"நான் பூட்டலாம்னு."

லொரேன் அவனைப் பார்த்தாள். எக்ஸ்ரே பார்வை. பிறகு அலமாரியை அவன் கையிலிருந்து வாங்கி, வேலைமேஜையில் மரத்தூளைத் தள்ளிவிட்டு வைத்தாள். ஐஸ் தட்டிலிருந்து இறாலை எடுத்து முதல் கொக்கியில் மாட்டினாள். அதன் ஜோடியை மாட்டினாள். அடுத்து கலா கிளி. அடுத்து டிராம்.

நெவில் பேசிக்கொண்டே போனான். திருகாணி முறிந்ததைச் சொன்னான், பித்தளையின் குணத்தைச் சொன்னான், இரும்புத் திருகாணி என்றால் நடந்திருக்காது என்றான், இன்னும் ஒரு வாரம் கொடுத்தால் கதவைச் சட்டத்தோடு புதிதாகவே செய்துவிடலாம் என்றான், தெற்குக் காற்றையும் ஒருமுறை இழுத்தான். லொரேன் நிறுத்தாமல் மாட்டிக்கொண்டிருந்தாள். கொக்கி எல்லாம் நிறைந்ததும் ஓர் அடி பின்னால் போய் நின்றாள்.

"நெவ். நான் கதவு கேட்டேனா?"

"என்ன?"

"கதவு. நான் எப்பவாச்சும் கேட்டேனா? தோடு மாட்ட ஒரு எடம் கேட்டேன். கீழ ரெண்டு டிராயர் கேட்டேன், நீ மூணு வெச்ச. கதவு யார் கேட்டா?"

நெவில் யோசித்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து ஒவ்வொரு பேச்சாகப் பின்னோக்கித் தேடினான். யாரும் கேட்கவில்லை.

"அலமாரின்னா கதவு இருக்கும்ல லொர்?"

"காலைல கண்ணாடி போடாம எழுந்து பாத்தா, எது இறாலு எது சாசேஜ்னு எனக்குத் தெரியணும். அத மூடி வெச்சுட்டு நான் என்ன பண்ண?"

"தூசி படியாதா?"

"தினம் ஒண்ண எடுக்கறேன். தூசிக்கு உக்கார ஏது நேரம்?"

"அப்ப முடிஞ்சிருச்சுங்கிறியா?"

"எனக்கு ஒரு மாசம் முன்னாடியே முடிஞ்சிருச்சு. உனக்குத்தான் முடியல." அவள் ஒப்பந்தத்தை நான்காக மடித்து அவன் சட்டைப் பையில் செருகினாள். "ஷெட்டு உன்னுது. அலமாரிய நானே உள்ள கொண்டு போறேன், நீ தொடாத. போயி பிரென்டன்கிட்ட அடுப்ப எரவல் கேளு. சாசேஜ் எல்லாம் பச்சையா கெடக்கு."

பிரென்டன் அடுப்பை உருட்டிக்கொண்டு தானே வந்தான். "இரவல்தான். புல்பட்டைல வெச்சுறாத," என்று இருபது பேர் முன்னால் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நெவில் சாசேஜைத் திருப்பினான். ஷெட் மிஞ்சியதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று இரண்டு மூன்று முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஐந்து வாரம் கண்முன் வந்து நின்றது. குழு அத்திமரத்தடியில் நான்கு பாட்டையும் வாசித்தது. கேட்டுக்கொண்டதன் பேரில் மறுபடி வாசித்தது. யார் கேட்டுக்கொண்டார்கள் என்பதை அவன் விசாரிக்கவில்லை, சாலட் கொண்டுவந்தவன்தான் கைதட்டிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு லாரி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் நெவில் கதவை எடுத்துக்கொண்டு புல்பட்டைக்கு வந்தான். இனி இந்தச் சனியன் கண்ணில் படக் கூடாது. டிவி மேல் அதை வைத்தான். இரண்டு அடி நடந்தான். திரும்பிப் பார்த்தான்.

விளிம்பு நேராக இருந்தது. பிரென்டன் இழைத்த ஓரம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எண்ணெய் நன்றாகக் காய்ந்து, கறுப்பு மச்சங்களோடு தேன் நிறத்தில் மின்னியது. அவன் ஷெட்டில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு முழுசாக முடிந்த பொருள் வேறு இல்லை. வடக்குக் காற்றிலும் மூடும், தெற்குக் காற்றிலும் மூடும்.

லாரி இரண்டு வீடு தள்ளி நின்றது. மூன்றாம் வீட்டுப் புல்பட்டையில் ஒரு பழைய கட்டில் சாய்ந்து கிடந்தது. தலைமாடு நல்ல கனமான பலகை, ஆணிகூட அதிகம் இருக்காது. நெவில் கதவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான், லாரிக்காரர்களுக்கு முன் தலைமாட்டைப் பிடித்து இழுத்தான்.

எதிர்வீட்டு வாசலில் பிரென்டன் டீக் கோப்பையோடு நின்றிருந்தான். "என்ன மேட், காலங்காத்தால?"

"ஒண்ணுமில்ல," என்றான் நெவில், பலகையை இழுத்துக்கொண்டே. "கதவு தயாரா இருக்கு. அலமாரி மட்டும்தான் பாக்கி."